கரண்டுத் திருக்கை அடித்த கை

பிப்ரவரி 16, திங்கள்

இன்றைக்கு என்னைக் கரண்டுத் திருக்கை அடித்துவிட்டது. எழுதும்போதே ஆத்திரம் வருகிறது. சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத ஜந்து. முள் கிடையாது. கடிக்கத் தெரியாது. ஏலத்தில் கொட்டினால் காக்காகூடத் திரும்பிப் பார்க்காது. அதற்குப் போய் உடம்புக்குள் கரண்டை வைத்துப் படைத்த ஆண்டவரை என்ன சொல்வது?

நானும் நம்புத்தாய் மதினியும் இடுப்பளவுத் தண்ணீரில், விற்பதற்குக் கடல்பாசி எடுத்துக்கொண்டிருந்தோம். மதினி எனக்குச் சொந்தம் இல்லை, வேதமும் வேறு. ஆனால் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கடலில் எனக்கு ஜோடி அவள்தான். பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் மணல் கிடந்தது. அதில் வலது கையின் சுண்டுவிரல் ஓரத்தை ஊன்றிக் குனிந்து, இடது கையால் பாசியைப் பிய்த்தேன். தோள்பட்டையில் யாரோ உலக்கையால் போட்ட மாதிரி இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிட்டது. எழுந்து நின்று இருமினால், கலங்கிய மணலிலிருந்து பழுப்புப் புள்ளி போட்ட அந்தச் சனியன் சாவகாசமாக வாலை ஆட்டிக்கொண்டு போகிறது.

மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் கரண்டு பில் கட்டவில்லையா என்று கேட்டாள். பிறகு ஒன்று கேட்டாள். "கைய வச்சதுமே வழவழன்னு தெரிஞ்சிருக்குமே புள்ள, எடுத்திருக்கலாம்ல?" பாசியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்றேன்.

வீட்டுக்காரர் இன்னாசி விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கிறார். போனால் ஒரு வாரம், பதினைந்து நாள் ஆகும். அவர் இல்லாதபோது திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல்தான் இந்த டைரியே. இன்று திட்டு முழுவதும் திருக்கைக்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. உப்புப் போட்டு வெந்நீரில் முக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும், பாசி கைக்கு எட்டும். அமாவாசைத் தண்ணீரை விடமுடியுமா? கடலுக்குப் போனோம். பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம். தன் கைக்குத் தானே சரியாகக் கட்டமுடியாது. ஜோடிக்கு ஜோடி கட்டிவிட வேண்டும். யார் உனக்கு விரல் கட்டுகிறாளோ அவள்தான் தண்ணீருக்குள் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள். இது எங்கள் கரையில் எழுதாத சட்டம். மதினி கட்டும்போது அந்த இரண்டு விரலையும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தாள். திருக்கை அடித்த விரல் என்பதால் இருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

சாம்பல் புதன் கழிந்து முதல் வெள்ளி. கத்தரிக்காய்க் குழம்பு. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பிடிதுணி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். ஜெனோவா பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, கறி பொசுங்குற வாடை வருது" என்றாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் நம் வீட்டில் ஏதடி கறி என்று அதட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன். என் வலது கை அடுப்பு விளிம்பில் கிடந்தது.

சுண்டுவிரலின் பக்கவாட்டில் பெரிய கொப்புளம். வலி இல்லை. நல்லதுதான், வலித்திருந்தால் ராத்திரி தூங்கமுடியாது. திருக்கையின் விறைப்பு இன்னும் விடவில்லை, அதுதான் காரணம்.

பிள்ளை பயந்து அழுதுவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், இன்னும் எதற்கெடுத்தாலும் கண்ணீர்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்துவிட்டார். கொப்புளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். திருக்கைக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வலையில் எத்தனையோ தரம் அந்தத் திருக்கை ஏறியிருக்கிறதாம். புதிதாக வேலைக்கு வந்தவனிடம் கொடுத்து அவன் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடுமாம். இவருக்கு எல்லாமே பீடிக் கணக்குதான். ஆம்பளைக் கையும் பொம்பளைக் கையும் ஒன்றா என்று கேட்டேன்.

எண்ணெய் தடவிவிடும்போது முழங்கைக்குக் கீழே வெளுத்திருப்பதைப் பார்த்து அது என்ன என்றார். தேமல் என்றேன். "இது போன வருசம் கோயில் கொடிமரத் திருநாளுக்கே இருந்துச்சே, இன்னுமா போகல?" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உப்புத் தண்ணீரில் கிடக்கிற உடம்பு. வெளுக்காமல் பட்டாகவா இருக்கும்?

பேச்சை மாற்றி அவர் கொண்டு வந்த நண்டுக்குக் குறை சொன்னேன்.

பிப்ரவரி 25, புதன்

ஜெனோவாவுக்கு இன்று தலை பின்னவில்லை. மதினி வீட்டுக்கு அனுப்பிப் பின்னிக்கொள்ளச் சொன்னேன். விரலில் கொப்புளம் இருக்கிறது, எண்ணெய் பட்டால் ஆறாது.

பிள்ளையின் கன்னத்தில் தேமல் மாதிரி ஒன்று. வெயிலில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு வருவதுதான்.

பிப்ரவரி 28, சனி

வீட்டுக்காரர் நேற்றுக் கடலுக்குக் கிளம்பிவிட்டார். கடையில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று வாங்கினேன். அடியில் ஆணியால் சிலுவை போட்டு வைத்திருக்கிறேன், எனக்கு மட்டும். தட்டும் தனி. எனக்குச் சளி பிடித்திருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை நேரம், தொற்றிவிடக் கூடாது. படுக்கையையும் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள். சளி என்றேன். "நீ இருமவே இல்லயே" என்றாள். வாய் கூடிவிட்டது, என்னைப் போலவே.

மார்ச் 2, திங்கள்

நாளைக்குப் பௌர்ணமி. நல்ல தண்ணீர். ஆனால் நாள் நாசமாய்ப் போனது.

கரையில் உட்கார்ந்து மதினி எனக்கு விரல் கட்டினாள். சுண்டுவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டே வந்தவள், முடிச்சை இழுத்துப் போட்டாள். இன்னும் இழுத்தாள். விரல் நுனி நீலம் பாய்ந்துவிட்டது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலயா பிரகாசி?"

குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். பிணத்துக்குக் கட்டுகிற மாதிரிக் கட்டுகிறாய், என் கையை முடக்கிப் போடப் பார்க்கிறாய், இனிமேல் என் விரலைத் தொடாதே என்று. மற்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். மதினி முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து, என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் பல்லால் கடித்துக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினேன். இரண்டு பிடி பாசிகூட எடுக்கவில்லை, திரும்பிவிட்டேன்.

ஜெனோவா நாளையிலிருந்து வெறும் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். மதினி வீட்டுக்கு எந்த முகத்தோடு அனுப்புவேன்?

மார்ச் 4, புதன்

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஞானப்பூ என்று ஒருத்தி இருந்தாள். விரல்கள் கிடையாது. புருசனும் பிள்ளைகளும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள், அவள் மட்டும் அங்கே. சோற்றைக் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அவள் மகள் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருவாள்.

இன்றைக்கு எதற்கு அவள் ஞாபகம் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சேலையில் குத்தும் ஊக்கை எடுத்துச் சுண்டுவிரலில் குத்திப் பார்த்தேன். தெரியவில்லை. ஊக்கு மழுங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இடது கையில் குத்திப் பார்த்தேன். மழுங்கவில்லை.

மார்ச் 7, சனி

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கை போனால் பாசி இல்லை. அதுகூடப் போகட்டும், நண்டுக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கியாவது பிழைப்பேன். நான் பயப்படுவது அதற்கில்லை. பிள்ளை கன்னத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவளுக்கு நேராக உட்காருவதில்லை. சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன். பிறந்த நாளிலிருந்து இந்தக் கையால்தானே ஊட்டினேன், குளிப்பாட்டினேன்?

எல்லாம் திருக்கையால் வந்தது என்றால் ஒரு பயமும் இல்லை. அது அடித்தது, நரம்பு செத்தது, என்னோடு போயிற்று. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அப்படி மட்டும் இருந்துவிட்டால் அந்தத் திருக்கைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

அதையே போய்க் கேட்கப்போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

போனேன்.

கடல் வற்றுகிற நேரம், கரையில் யாரும் இல்லை. பௌர்ணமித் தண்ணீர் முடிந்துவிட்டதால் பாசிக்கும் யாரும் வரவில்லை. அதே பாறை, அதே மணல். முட்டி அளவுதான் தண்ணீர். மணலில் கிடப்பதை மிதித்துவிடாமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். தண்ணீர் சூடாகக் கிடந்தது, எனக்கு மட்டும் பல் அடித்துக்கொண்டது. அடித்தால் விழுவேன், விழுந்தால் தூக்க ஆள் இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று எத்தனை தரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக் குனிந்து தேடினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் மணல். அப்புறம் மணலில் இரண்டு சின்ன ஓட்டை, திறந்து மூடுவது தெரிந்தது. அது மூச்சு விடுகிற இடம். அதைச் சுற்றி வட்டமாக மணல் லேசாக மேடுதட்டியிருந்தது. அதுவேதானா, அதன் அக்கா தங்கச்சியா, யாருக்குத் தெரியும்? படுத்திருந்தது. அதுபாட்டுக்குப் படுத்திருந்தது.

வலது கையை மெதுவாக இறக்கினேன். இன்னும் தொடவில்லை, இன்னும் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டே இறக்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் அதன் முதுகில் படிந்து கிடக்கின்றன. எப்போது பட்டது? எனக்குத் தெரியவில்லை. வழவழப்பு இல்லை, குளிர்ச்சி இல்லை. என் விரலைப் பார்ப்பதே வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரி இருந்தது. அதுவும் அசையவில்லை. ஒருவேளை பொறுத்துப் பார்த்திருக்கும். அழுத்தினேன்.

அடித்தது. முழங்கையில் ஆரம்பித்துத் தோள் வரை அடித்தது. கை தானாக மடங்கியது. விரலில் மட்டும் ஒன்றும் இல்லை.

தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மதினி கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. கை வைத்ததும் வழவழ என்று தெரிந்திருக்குமே என்று கேட்டாளே. யாராக இருந்தாலும் தெரிந்திருக்கும். தொட்டவுடன் எடுத்திருப்பார்கள். நான் பாட்டுக்கு உடம்புப் பாரத்தை எல்லாம் அதன்மேல் ஊன்றியிருக்கிறேன். அது என்ன செய்யும்? என் கை அதற்கு முன்னாலேயே செத்துப் போயிருந்தது. இத்தனை நாள் ஒரு பாவமும் அறியாத மீனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கரையில் மதினி நின்றிருந்தாள். நான் கண்ணாடியோடு தனியாகப் போவதைத் தெருவில் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் வரை சேலை நனைய இறங்கி வந்து என்னைப் பிடித்துத் தூக்கினாள்.

"தொட்டதே தெரியல மதினி" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் சொன்னாள். "எனக்குத் தெரியும் புள்ள. கிறிஸ்மசுக்கு முன்னாடியே தெரியும். வெரலு கட்டுறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிப் பாத்தேன். நீ ஒரு நாளும் ஆன்னு சொல்லல. சொல்லிருவோம்னு வருவேன், வாய் வராது. அந்தப் பேரச் சொன்னா நீ உசுர விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

தெரிந்தும் இத்தனை நாள் என் விரலைப் பிடித்துக் கட்டியிருக்கிறாள். நான் பிணத்துக்குக் கட்டுகிறாய் என்று சொன்னேன்.

மார்ச் 11, புதன்

அரசு மருத்துவமனை. மதினி கூட வந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்டுங்கள் என்றாள். நான் குத்துமதிப்பாக இங்கே, இங்கே என்று காட்டினேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு காப்பி அடித்ததில்லை. அவள் சிரிக்காமல், "அக்கா, நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள். முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் நரம்பைத் தடவிப் பார்த்தாள். கயிறு மாதிரித் தடித்திருக்கிறதாம்.

அந்தப் பேரைச் சொன்னாள். நானும் எழுதிவிடுகிறேன். தொழுநோய். எழுதிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை.

மாத்திரை அட்டை கொடுத்தார்கள், காசு கிடையாது. முதல் வேளையை அங்கேயே விழுங்கவைத்தார்கள். மாத்திரை தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து படுக்கலாம், விட்டு விட்டுச் சாப்பிட்டால்தான் ஆபத்து என்றாள். விரலுக்கு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அடுப்பும் பாறையும்தான் இனிமேல் எனக்கு எதிரி, கண்ணால் பார்த்துத்தான் கையை வைக்கவேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பிள்ளையின் கன்னத்தில் தேமல் இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வீட்டில் எல்லோரையும் பார்க்கத்தான் வேண்டுமாம். அது சாதாரணத் தேமலாகவும் இருக்கலாம் என்றாள். இருக்கலாம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எப்படி வெள்ளிக்கிழமை வரை போவேன்?

மார்ச் 12, வியாழன்

காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. மாத்திரையின் சாயம், பயப்படாதீர்கள் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். இருந்தும் அலறிவிட்டேன்.

துறைமுகத்துக்கு வந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். சொன்னேன். "பிள்ளைக்கு?" என்றார். நாளைக்குப் பார்க்கிறார்கள் என்றேன். அவர் வைத்துவிட்டார். திட்டலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நான் கேட்ட கேள்வியைத்தானே அவரும் கேட்டார்?

ஜெனோவா தூங்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று போனேன். இடது கையைக்கூட நீட்ட முடியவில்லை. தொட்டும் அவளுக்குத் தெரியாமல், முழிக்காமல் இருந்துவிட்டால்?

மார்ச் 13, வெள்ளி

டாக்டர் பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். இது ஒரு விளையாட்டு, தொட்டால் சொல்லவேண்டும் என்றாள். பஞ்சை நூல் மாதிரித் திரித்துக்கொண்டாள். நெற்றியில் தொட்டாள். "இங்க" என்றாள் பிள்ளை. தாடையில் தொட்டாள். "இங்க." அடுத்தது அந்த வெள்ளை இடம். மதினி என் கையைப் பிடித்திருந்தாள் என்று நினைக்கிறேன். வலது கை, எனக்குத் தெரியவில்லை.

பஞ்சு பட்டது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

மூக்கைச் சுருக்கினாள். அப்புறம் தோளைக் குறுக்கிக்கொண்டு கிளுகிளு என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "கூசுது டாக்டர், விடுங்க!"

வெறும் தேமல்தான். கீரை, முட்டை கொடுக்கச் சொன்னாள். பாதுகாப்புக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, இன்னொரு தரம் தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டாள். பிள்ளை மறுபடியும் சிரித்தாள். இன்னொரு தரம் என்றேன். டாக்டர் பஞ்சை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் நேற்று வந்தார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று வெளியே பாயைப் போட்டுக்கொண்டார். பனி இன்னும் விடவில்லை, இவருக்கு என்ன புழுக்கமோ? எனக்குத் தெரியாத பயமா அது? நாளைக்கு அவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

மதினி எனக்குக் கெட்டியான கையுறை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறாள், அவள் மகனுடைய பழைய ஜீன்ஸ் துணியில். புண் ஆறட்டும், அடுத்த பௌர்ணமிக்கு விரல் கட்டி, அதற்குமேல் இதையும் மாட்டித்தான் இறக்குவாளாம்.

காலையில் பூசைக்குக் கிளம்பும்போது ஜெனோவாவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தேன். சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, மூன்று கால் பிரித்தேன். இரண்டு விரலில் முடி இருப்பதே தெரியவில்லை. எவ்வளவு இழுக்கிறேன் என்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பின்னினேன்.

"ஆ! வலிக்குதும்மா, மெதுவா" என்றாள்.

இன்னொரு தரம் இழுத்தேன்.